காளை பத்து நிமிடத்தில் நடக்கும் தூரம்

ஜனவரி 5, ஞாயிறு

விடிந்ததிலிருந்து கிழக்குக் காற்று. கடை ஷட்டர் ஓயாமல் அடித்துக்கொண்டது. வெளியே அடுக்கியிருந்த பெயிண்ட் டப்பா ஒன்று உருண்டு மூடி திறந்துவிட்டது. கோவிந்தாபுரம் ரோட்டில் ஒரு முழத்துக்கு இளம்பச்சை.

மதியம் கடையடைத்து முதலமடை, கதிரண்ணன் தோட்டம். ஞாயிறு ஆட்டம். தோல்வி.

புது நோட்டு. அதனால் ஒரு தடவை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். நான் நசீர், ஹார்டுவேர் கடை. அவர் கதிர்வேல், மாந்தோப்பும் நெல்வயலும். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த ஒரு பெட்டியில் ஆரம்பித்தது எல்லாம். கட்டைவிரல் உயரப் பொம்மைச் சிப்பாய்கள், ஓர் ஆங்கில விதிப்புத்தகம். மேசைமேல் படைகளை நிறுத்தி, டேப் பிடித்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பா. தோட்டத்துச் சாளைவீட்டில் இரண்டு பழைய கதவுகளைச் சேர்த்துப் போட்ட மேசை. ஒன்பது வருடம். ஒரு தடவைகூட நான் ஜெயித்ததில்லை. அவர் குதிரைப்படை எடுப்பார், நான் கால்படை. சமவெளியில் குதிரை வந்தால் என் ஆட்கள் என்ன செய்வார்கள்?

இன்றும் அப்படியேதான் முடிந்தது. நடுவில் ஜன்னல் வழியாகக் காற்று புகுந்து இருபது பேரைச் சாய்த்தது. பீரங்கிப் புகைக்காக வைத்திருந்த பஞ்சு பறந்து அண்ணன் தலையில் உட்கார்ந்தது. புத்தகத்தில் புகை இரண்டு சுற்று அங்கேயே நிற்கும் என்று விதி.

அண்ணன் பஞ்சைத் தலையிலிருந்து எடுத்துப் பார்த்தார். “நம்மூருல எங்கீங்க பாயி பொகை நிக்கும்? சுட்ட நிமிசம் வாளையாறு பக்கம் இருந்து வந்த காத்து அப்படியே திருச்சூருக்குத் தள்ளிட்டுப் போயிருமுங்க.”

சிரித்தோம். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்தினோம்.

நம் பாலக்காட்டுக் கணவாயிலேயே சண்டை வைத்தால்? மைசூர்ப் படை, வெள்ளைக்காரக் கும்பினிப் படை. கோட்டை இங்கே இருக்கிறது, ஆறு இருக்கிறது, காற்று இருக்கிறது.

ஜனவரி 7, செவ்வாய்

காற்று குறையவில்லை. வியாபாரம் மந்தம். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதியது:

மாற்ற வேண்டியவை —
பனிச் சாலை: வேண்டாம்.
கல்மதில், வேலி: பதிலாக வரப்பு, குளக்கரை.
புகை: காற்றோடு நகரும். தையில் கிழக்கே நிற்பவனுக்கு யோகம், புகை எதிரி கண்ணில். ஆடியில் தலைகீழ்.
மைசூர் வாணம் (ராக்கெட்): பகடை போட்டுத் திசை. திரும்பி வந்து சொந்த ஆளையே அடிக்கலாம். (அண்ணன் இதற்கு ஒப்புக்கொள்வாரா?)
நாற்று நட்ட வயல்: குதிரைக்கு?

போனில் கேட்டேன். “நட்ட வயல்ல குதிரையை வுட்டா முட்டி வரைக்கும் எறங்கிருமுங்க. பாதி வேகம் போடுங்க. கொழப்பமில்ல, நெசம் நெசந்தானுங்களே” என்றார். குதிரைப்படைக்காரர் வாயாலேயே!

கோவை விவேக்கிடமும் பேசினேன். அங்கே இப்படி விளையாடும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பிப்ரவரி 9 அன்று ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள். புதிதாக ஏதாவது கொண்டுவர முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தார். “கொண்டுவர்றோம்” என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். கையில் இருப்பது ஒரு பில் புத்தகப் பின்பக்கம்.

ஷமீம் (என் வீட்டம்மா) கேட்டாள்: “நாற்பத்தேழு வயசுல பொம்மை தூக்கிட்டுக் கோயமுத்தூர் போறீங்களா?” ஆமாம்.

ஜனவரி 9, வியாழன்

சாயங்காலம் அண்ணன் வீட்டில் வரைபடம் விரித்தோம். பூ உதிர்வதைப் பற்றி அவருக்குக் கவலை. காற்று இப்படியே அடித்தால் மாம்பூ பாதிதான் நிற்கும் என்றார். ஆனாலும் பென்சிலை விடவில்லை.

மரகதக்கா, அவர் மனைவி, முறுக்குத் தட்டை வைத்துவிட்டு நின்று பார்த்தார். ஒன்பது வருடத்தில் எங்கள் ஆட்டத்தின் பக்கம் வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளை நாங்கள் தின்றுவிட்டோம் என்று அவருக்குக் கோபம் உண்டு.

“இத்தன பேருக்கு யாருங்க சோறு கொண்டாருவாங்க?”

இருவரும் வரைபடத்தைக் குனிந்து பார்த்தோம்.

“பீரங்கியை எது இழுக்கும்? அரிசி மூட்டை எது சொமக்கும்? காளைதானுங்களே. அப்பக் காளை போற வேகத்துக்குத்தான் படையே போகும். இதுல ஒரு மாட்டையும் காணோம்.”

புத்தகத்தில் மூட்டை வண்டி பற்றி ஒரே ஒரு பாரா. நாங்கள் அதைப் படித்ததே இல்லை.

அண்ணன் மெதுவாகச் சொன்னார்: “மாடு இல்லாத படை எம்படையா, உங்க படையா, ரெண்டும் பட்டினிதானுங்க பாயி.”

புது விதி, மரகதக்கா பெயரில்: மாட்டுக் கூட்டம் எதிரி கைக்குப் போனால் ஆட்டம் முடிந்தது. எத்தனை சிப்பாய் மிச்சம் இருந்தாலும் தோல்வி.

ஜனவரி 12, ஞாயிறு

காளை எவ்வளவு வேகம் போகும்? புத்தகம் சொல்லாது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ஜோடி இருக்கிறது. வண்டியில் எட்டு உர மூட்டை. கடையிலிருந்து நான் ஐம்பது மீட்டர் டேப் கொண்டுபோனேன்.

மண் பாதை. அண்ணன் வண்டியில். மரகதக்கா கையில் போன், நேரம் பார்க்க. நான் டேப்போடு பின்னால் ஓட்டம். மூச்சு வாங்கியது. பத்து நிமிடத்தில் ஐந்நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு காளை நின்று சாணி போட்டது. அந்த நேரத்தைக் கழிக்க வேண்டுமா என்று வாக்குவாதம்.

“படையில போற மாடு சாணி போடாதுங்களா?” மரகதக்கா.

கழிக்கவில்லை.

பிறகு நான் தனியாகப் பத்து நிமிடம் நடந்தேன், சிப்பாய் மாதிரி, தோளில் கடப்பாரை. எழுநூற்றுச் சொச்சம். ஆக மேசைமேல் கால்படை எட்டு அங்குலம் என்றால் காளை ஐந்தரை. ரோட்டில் போன ஆட்டோக்காரர் நிறுத்தி, “எந்தா பாய், சர்வேயா?” என்று கேட்டார். போர் என்றேன். நம்பவில்லை.

இவ்வளவு சந்தோஷமாக வெயிலில் நடந்து ரொம்ப நாளாயிற்று. கால் வலி. தைலம்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப்பொங்கல். அண்ணன் வீட்டில் சாப்பாடு. திரும்பும் வழியில் கோயில் ‘வேலை’த் திருவிழாவுக்குப் போட்ட கடைகள். பிளாஸ்டிக் மாடுகள், பாக்கெட்டில் பன்னிரண்டு. ஆறு பாக்கெட் வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாக்கெட்டுக்கு ஒரு வரிக்குதிரை கலந்திருக்கிறது. பெயிண்ட் அடித்தால் தெரியாது.

ஜனவரி 19, ஞாயிறு

ஜெயித்தேன்.

ஜெயித்தேன்!!

கும்பினி நான், மைசூர் அவர். என் ஆட்கள் வரப்புக்குப் பின்னால் வரிசை கட்டினார்கள். அண்ணன் குதிரை நட்ட வயலில் இறங்கித் தத்தளித்தது. மூன்றாவது தாக்குதலில் சிதறியது. அண்ணன் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். அவர் சட்டையெல்லாம் பூச்சி மருந்து வாசனை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். ஷமீம் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். “நீங்களா?”

ஜனவரி 22, புதன்

அவசரச் சோதனை ஆட்டம் இரண்டு, கோவைக்காக. இரண்டிலும் ஜெயம். அண்ணன் வீட்டில் பாயசம். எதற்கு என்று கேட்டேன். “சும்மாங்க” என்றார்.

கடையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஆணி நிறுத்தேன். கால் கிலோ கேட்டவருக்கு அரைக் கிலோ போனது.

ஜனவரி 24, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்து விதிகளைச் சுத்தமாகத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். எட்டாவது விதியில் கை நின்றது.

இதை இங்கேயாவது உண்மையாக எழுத வேண்டும்.

ஐரோப்பியப் புத்தகத்தில் வேலிக்குப் பின்னால் நின்றால் மறைவு ஒன்று. கல்மதிலுக்குப் பின்னால் நின்றால் இரண்டு. பகடையில் அதைக் கூட்டிக்கொள்ளலாம். வரப்பு என்பது வேலிக்குச் சமம், தாராளமாகப் பார்த்தாலும். நான் இரண்டு போட்டேன். தெரிந்தே போட்டேன். அண்ணன் கேட்டபோது, “மண்ணு திக்கா இருக்கும்ல” என்றேன். அவர் சரி என்றுவிட்டார். வரைபடத்தில் வரப்புகளை எல்லாம் என் பக்கம் வரைந்ததும் நான்தான்.

மூன்று ஜெயமும் அந்த ஒரு எண்.

இதை அச்சடித்துக் கோவையில் கொடுக்கப் போகிறேனா?

ஜனவரி 26, ஞாயிறு

காலையிலேயே போனேன். அண்ணன் மருந்தடிக்கப் போயிருந்தார். மரகதக்கா வயலில். என்னைப் பார்த்ததும் கேட்டார்: “ஏனுங்க தம்பி, எனக்கு ஒண்ணு புரியல. இந்த வரப்புக்குப் பின்னால நின்னா எப்படி அவ்வளவு மறைவு கெடைக்கும்? கொஞ்சம் நில்லுங்க, பாக்கறேன்.”

நின்றேன். முழங்கால் வரைதான் வரப்பு.

“உக்காருங்க.” உட்கார்ந்தேன். வயிறு, நெஞ்சு, தலை, எல்லாம் மேலே.

“படுங்க.” படுத்தேன். ஈரம் சட்டையில் ஏறியது.

“இப்பவும் வயிறு தெரியுதுங்க.”

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. படுத்தபடியே சொன்னேன், ஜெயிக்க வேண்டும் என்றுதான் இரண்டு போட்டேன் என்று. மரகதக்கா சிரிப்பை விட்டார். “எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? அவருகிட்ட சொல்லுங்க.”

அண்ணன் வந்ததும் சொன்னேன். சேறு காயாத சட்டையோடு. அவர் மருந்து டேங்கைக் கீழே இறக்கி வைத்தார். முகத்தைத் துடைத்தார்.

“ஒம்பது வருசம் தோத்தீங்கன்னு ரூலையே மாத்திப்போட்டீங்களா பாயி?”

தலையாட்டினேன். “செரிங்க” என்று வீட்டுக்குள் போய்விட்டார். ஆட்டம் இல்லை. ஒன்பது வருடத்தில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்த நாளும் காளை அளந்த நாளும் தவிர ஆட்டம் இல்லாத ஞாயிறு இதுதான்.

ஜனவரி 28, செவ்வாய்

போன் எடுக்கவில்லை. காற்று மட்டும் அப்படியே.

கோவை விவேக் மெசேஜ்: மேசை அளவு என்ன வேண்டும்? பதில் போடவில்லை.

ஜனவரி 30, வியாழன்

மாடுகளுக்குப் பெயிண்ட். எழுபத்திரண்டு. வெள்ளை, சாம்பல், செவலை. ஷமீம் பக்கத்தில் உட்கார்ந்து கொம்புக்கு மட்டும் அடித்துக் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில்: “நேர்ல போய் நின்னீங்கல்ல. அது போதும். அவரு வருவாரு.”

வரவில்லை என்றால்?

பிப்ரவரி 1, சனி

பதினொரு மணிக்குக் கடைக்கு வந்தார். வெயில் ஏறிவிட்டது. வாசலில் டிராக்டர்.

“முக்கால் இஞ்ச் பைப் எல்போ ரெண்டு. டேப் ஒண்ணு.”

எடுத்துக் கொடுத்தேன். பில் போட்டேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். போகவில்லை. கவுன்டரில் கையை ஊன்றினார்.

“நா எதுக்குக் கோவிச்சுட்டன்னு தெரியுமாங்க?”

“நான் பண்ணது கள்ளம்தானேண்ணா.”

“அட, அது இல்லீங்க. ரூலு தப்பாப் போடறது சகஜம். மூணு ஆட்டம் தோத்தப்ப நா நெசமாவே சந்தோசப்பட்டனுங்க. பாயி ஜெயிச்சுட்டாருன்னு ஊட்டுல பாயசம் வெக்கச் சொன்னன். இத்தன வருசம் தோத்துட்டும் ஒரு ஞாயித்துக்கெழம வராம இருந்ததில்ல நீங்க. அந்த மனுசன் ஜெயிச்சுட்டாரேன்னு. அந்தச் சந்தோசத்தையும் நீங்க பொய்யாக்கிட்டீங்களேன்னுதான்.”

நான் ஸ்க்ரூ டப்பாவைத் திறந்தேன், மூடினேன். கண் நிறைந்துவிட்டது. கடையில் வேறு ஆள் இல்லை, நல்லவேளை. மன்னிச்சிருங்கண்ணா என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் ஒரு எல்போவை எடுத்து உருட்டினார். “செரி வுடுங்க. வரப்புக்கு ஒண்ணு போடுங்க. அப்புறம் எங்குதிரைக்கும் ஒரு குத்தம் இருக்குதுங்க. நா சொல்லாம வுட்டுட்டன்.”

என்ன?

“மைசூர்க் குதிரை நேரா மோதாதுங்க. மாடு எங்கன்னு பாத்துச் சுத்திட்டுப் போயிக் கொள்ளையடிக்கும். நா ஐரோப்பாக்காரன் மாதிரி நேரா வுட்டுட்டே இருந்தன். அதான் தோத்தன். வரப்பு மட்டும் காரணமில்ல.”

கடையை மதியத்துக்கே அடைத்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆட்டம் இரண்டு. வரப்பு ஒன்று. குதிரை சுற்றிப் போகலாம். மரகதக்கா நடுவர், கையில் டேப்.

“அரை இஞ்ச் தாண்டிப்போச்சு. பின்னால எடுங்க.”

“அக்கா, பொம்மை அடிப்பாகத்திலிருந்து அளக்கணும்...”

“மாட்டுக்கு மூக்குல இருந்துதான் அளப்பாங்க.”

முதல் ஆட்டம் அண்ணனுக்கு. இரண்டாவதில் வாணம் ஒன்று பகடையில் திரும்பி, அவர் புதிதாக நிறுத்திய சொந்த யானைமேலேயே விழுந்தது. யானை ஓடி அவர் கால்படையை மிதித்தது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்ததில் மேசை ஆடி ஒரு கோட்டையே சரிந்தது. முடிவு எடுக்க முடியவில்லை. யாருக்கும் கவலையில்லை.

ஒன்பதாவது விதி, சேர்க்க: யானை பயந்தால் அருகிலுள்ள படையை நோக்கி ஓடும், யாருடையது என்று பார்க்காது.

பிப்ரவரி 6, வியாழன்

விதிகள் தட்டச்சு முடிந்தது. தமிழில் ஆறு பக்கம். கோவையில் எல்லோரும் ஆங்கிலப் புத்தகம் வைத்து விளையாடுபவர்கள். தமிழிலேயே கொடுப்போம் என்று அண்ணன். ‘மொரால் டெஸ்ட்’டுக்கு என்ன சொல்ல? நான் மன உறுதிச் சோதனை என்று எழுதினேன். மரகதக்கா அடித்துவிட்டு ‘தைரியம் பார்த்தல்’ என்று எழுதினார். அதுவே இருக்கட்டும்.

பிப்ரவரி 8, சனி

எடுத்துவைக்க: மாடு 72. சிப்பாய் பெட்டி 4. குதிரை. யானை 2 (ஒன்றுக்குத் தும்பிக்கை ஒட்ட வேண்டும்). பச்சைத் துணி. வரப்பு – தெர்மாகோல், காவி பெயிண்ட். டேப் 3. பகடை. பிரிண்ட் 20. ஷமீமின் பிரியாணி.

ஷமீமும் வருகிறாள். “எழுபத்திரண்டு கொம்பு நான் அடிச்சது. பாக்க வேண்டாமா?” நூற்று முப்பத்திரண்டு கொம்பு, வரிக்குதிரைக்குக் கிடையாது என்று திருத்தினேன். முறைத்தாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஐந்தரைக்குக் கிளம்பி வாளையாறில் லாரிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம். அண்ணன் வேட்டி சட்டை, இஸ்திரி போட்டது. மடியில் யானை.

மண்டபத்தில் ஐந்து மேசை. மற்றவை எல்லாம் டாங்கி, விமானம். நம்முடையது மட்டும் பச்சை வயல், வரப்பு, மாடுகள். முதல் கேள்வி ஒரு கண்ணாடிக்காரரிடமிருந்து: “எதுக்குங்க இவ்வளவு மாடு?” மரகதக்கா பதில் சொல்ல ஆரம்பித்தார். ஐந்து நிமிடத்தில் எட்டுப் பேர் சுற்றி. சாணி கதையையும் சொல்லிவிட்டார்.

விவேக், விதி எழுதியவர்களே முதலில் ஆடிக் காட்டுங்கள் என்றார். நானும் அண்ணனும். இரண்டு சுற்று வரை வாய் குழறியது.

மூன்றாம் சுற்றில் புகை. பஞ்சை மரகதக்கா காற்றோடு நான்கு அங்குலம் நகர்த்தினார். என் ஆட்கள் கண்ணில் போய் நின்றது. “ஏன் நகருது?” என்றார் ஒருவர். பின்னாலிருந்து ஒரு பெண், முன்பின் தெரியாதவர், எங்கள் ஆறு பக்கத்தைப் புரட்டிச் சத்தமாகப் படித்தார்: “தை மாதம், காற்று கிழக்கிலிருந்து. புகை சுற்றுக்கு நான்கு அங்குலம் மேற்கே.” பிறகு, “அட, பாலக்காட்டுக் காத்து! நான் அங்கதாங்க காலேஜ் படிச்சேன். முடியெல்லாம் பறக்கும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எழுதிய வரி. இன்னொருவர் வாயில். ஒரு திக்கலும் இல்லாமல்.

அதன்பிறகு நான் மேசையைப் பார்த்தேனா என்று தெரியவில்லை. ஆட்களைத்தான் பார்த்தேன். வரப்பில் ஒருவர் மறைவு ஒன்றா இரண்டா என்று கேட்டார். இன்னொருவர் பதில் சொன்னார், “ஒண்ணுதான், முட்டி உயரம்ல.” யானை விதிக்குக் கைதட்டல். வாணம் பறக்கும்போது டாங்கி மேசைக்காரர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்தார்கள். பகடை உருட்டினேன், சொன்னதைச் செய்தேன், யாராவது விதியில் தடுக்குகிறார்களா என்று மட்டும் காது.

யாரோ தோளைத் தட்டினார்கள். கதிரண்ணன்.

“பாயி. ஏனுங்க பாயி. உங்க மாடெல்லாம் எங்குதிரை ஓட்டிட்டுப் போயிருச்சுங்க. ஆட்டம் முடிஞ்சு அஞ்சு நிமிசம் ஆச்சு.”

குனிந்து பார்த்தேன். என் படையின் பின்பக்கம் காலி. ஒரு மாடு இல்லை.

“வாணம் விதி சரியா வேலை செஞ்சுதாண்ணா?” என்று கேட்டேன்.